தவிட்டுக்கு விற்ற பிள்ளை

வளையல்காரர் என் கையில் சவர்க்கார நுரை தடவி மூன்றாவது முறை அமுக்கியபோது கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது. வளைகாப்புக்கு வந்திருந்த பெண்கள் வளையல் உடைந்ததைப் பற்றிப் பேசினார்கள். கை ஏன் அப்படி வீங்கியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"நம்ம வீட்டுச் சோறு ஒத்துக்கிருச்சு. கொழும்புல காஞ்சு கெடந்த ஒடம்பு, இப்பத்தான் ஊறுது," என்றார் என் கணவரின் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். செருப்புக்குள் நுழையாத கால்கள். விரலால் அழுத்தினால் குழி விழும். விழுந்த குழி மேலே வர யோசிக்கும்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. மாத்தளையில் பெரிய வீதியை ஒட்டி என் கணவரின் குடும்பத்துக்கு வாசனைச் சரக்குக் கடை இருந்தது. இரத்தோட்டைப் பக்கத்தில் இருந்த சொந்தத் தோட்டத்திலிருந்தும் மற்றத் தோட்டங்களிலிருந்தும் மிளகு, ஏலம், கராம்பு, சாதிக்காய் எல்லாம் சாக்கில் வந்து இறங்கும். புடைத்து, தரம் பிரித்து, கொழும்புக்கு லொறி ஏற்றுவார்கள். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டை நடத்தியவர் கணவரின் அக்கா, எனக்கு மதினி. இளவயதில் கணவரை இழந்து, பிள்ளையில்லாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். மாமியார் இறந்ததும் சாவிக்கொத்து அவர் இடுப்புக்கு வந்தது. கூடவே தம்பியும் வந்தார்.

கல்யாணத்துக்கு முன் நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் புரூஃப் பார்த்தவள். பிழை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். மாத்தளைக்கு வந்த பிறகு அதையே சம்பளம் இல்லாமல் செய்தேன். அந்த வீட்டில் அது எனக்கு ஒரு சிநேகிதரையும் சேர்த்துத் தரவில்லை.

வளைகாப்பு முடிந்த வாரத்தில் தலைவலி தொடங்கியது. ஆஸ்பத்திரியில் டொக்டர் என் புயத்தில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அமுக்கி, கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறுவதைப் பார்த்தார். இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றினார். பிறகு என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க? பிரஷர் ஏறிக் கெடக்குது. இன்னிக்கே வாட்டுல படுக்கணும். உப்பு தொடக் கூடாது."

பிரஷர் என்ற சொல் அன்றுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. மாலைக்குள் மதினி அதற்குப் பொருள் கண்டுபிடித்துவிட்டார். பிரஷர் என்றால் கோபம். கோபக்காரிக்கு இரத்தம் கொதிக்கும். கொதித்தால் மேலே ஏறும். என் குணத்தைப் பற்றி அவர் முதல் நாளிலிருந்து சொல்லிவந்ததை அரசாங்க டொக்டரே மெஷின் வைத்துப் பார்த்து ஒத்துக்கொண்டார் என்று வீதி முழுவதும் சொன்னார்.

உப்பு விஷயத்தில் அவர் டொக்டரை நம்பவில்லை. மறுநாள் டிபன் கெரியரில் வந்தது கருவாட்டுக் குழம்பு.

"உப்பில்லாச் சோறு நம்ம அடுப்புல பொங்காது. அது சாவு வீட்டுக்கு. வயித்துப்புள்ளக்காரிக்கு அதையா குடுப்பாங்க?"

நான் ஆஸ்பத்திரியில் கொடுத்த பாண் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டேன். கெரியர் நிறைந்தபடியே திரும்பிப் போனது. கை நிறைந்த சோற்றைத் தட்டிவிட்டவள் என்ற பெயர் கெரியருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்தது.

ஒரு காலை, கண்ணுக்குள் வெள்ளிப் பொறிகள் பறந்தன. நர்ஸைக் கூப்பிட வாயைத் திறந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பகல் என்னிடம் இல்லை. நினைவு வந்தபோது நாக்கு கடிபட்டிருந்தது. வயிறு தட்டையாக இருந்தது. பெண் குழந்தை, மாதம் நிறையாமல் பிறந்தது என்றார்கள். துணியில் சுற்றிக் காட்டினார்கள். சிவப்பாக, தோல் மடிந்து, கோபமாக இருந்தது. ஒரு புரூஃப் தாளைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். விரல்கள் சரி, காதுகள் சரி. வேறு எதுவும் தோன்றவில்லை. தோன்றும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். எதிர்பார்த்துக் காத்திருந்தேன், வரவில்லை.

வீட்டுக்கு வரும்போது மாத்திரைகள் கொடுத்துவிட்டார்கள். பிரஷர் முழுதாக இறங்கவில்லை, படுத்தே இருக்க வேண்டும் என்றார்கள். அந்த மாத்திரை என்னைப் பகலிலும் தூக்கத்துக்குள் தள்ளியது. தூக்கம் என்றால் ஓய்வு அல்ல. ஈரச் சாக்கை முகத்தில் போட்டது மாதிரி. பிள்ளை நேரெதிர். அவள் தூங்கவில்லை. பால் குடிக்கும்போது கண்ணை மூடுவாள். பாயில் விட்டதும் திறப்பாள். திறந்தால் அழுகை. மெல்லத் தொடங்கி ஏறும் அழுகை அல்ல, தொடக்கமே உச்சம். அத்தனை சிறிய உடம்புக்குள் அத்தனை சத்தம் எங்கே மடித்து வைக்கப்பட்டிருந்தது என்று தெரியவில்லை.

பிள்ளை பார்க்க வந்த பெண்களுக்கு இது நல்ல காட்சி. தாய் தூங்குகிறாள், பிள்ளை அழுகிறது.

"அவளுக்கென்ன, கொழும்பு ராணி. புள்ள கத்துனா என்ன, காக்கா கத்துனா என்ன."

"பிரஷர் பாலு. கொதிக்கிற பால குடிச்சா புள்ள எப்டித் தூங்கும்?"

இது மதினியின் கண்டுபிடிப்பு. கோபம் இரத்தத்தில், இரத்தம் பாலில், பால் பிள்ளையில். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. தொடக்கம் மட்டுமே பொய். எனக்கு அதை மறுத்துப் பேச நாக்கு எழவில்லை. மாத்திரை ஒரு காரணம். இன்னொன்று, அவர்கள் சொன்ன கோபம் உண்மையாகவே எனக்குள் இருந்தது. பிள்ளை அழத் தொடங்கும்போது என் தாடை இறுகியது. அவளைக் கீழே வைத்துவிட்டு வீதிக்கு இறங்கி, முதலில் வரும் பஸ்ஸில் ஏறி, அது எங்கே போகிறதோ அங்கே இறங்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். வில்கமுவவுக்குப் போகும் பஸ்ஸாக இருந்தாலும் சரி. அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது, அதுவே தகுதி.

ஒரு மத்தியானம் நான்கைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து, என் பாலையும் என் குணத்தையும் பற்றி நான் இல்லாததுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை அலறிக்கொண்டிருந்தது. நான் எழுந்து உட்கார்ந்து சொன்னேன்: "யாருக்கு வேணுமோ எடுத்துக்கிட்டுப் போங்க."

அறை அமைதியானது; பிள்ளையைத் தவிர.  மதினி அந்த வாக்கியத்தை எடுத்துச் சாவிக்கொத்தோடு முடிந்துகொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

தீட்டுக் கழிந்த பிறகு அதை அவிழ்த்தார். கணவர் மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து உள்ளே வந்திருந்தார். அவர் இலைக்கு முன்னால் பேச்சு நடந்தது.

"தம்பி, இந்தப் புள்ளைக்கு தாயோட ராசி ஒத்து வரல. தவிட்டுக்கு வித்துற வேண்டியதுதான்."

அந்த வழக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நோஞ்சான் பிள்ளை, தங்காத பிள்ளை, ஓயாமல் அழும் பிள்ளை என்றால் தாய் அதை ஒரு சுளகில் கிடத்தி இன்னொருத்திக்கு விற்றுவிடுவாள். விலை, ஒரு சுளகு தவிடு. தவிட்டுக்குப் போகும் அளவுக்கு மலிவான பிள்ளை என்று விதியோ பேயோ அதை விட்டுவிடும் என்பது நம்பிக்கை. கொஞ்ச நாள் கழித்துத் தாய் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். எங்கள் வீதியில் தவிட்டுக்கு விற்று வாங்கிய ஆட்கள் மீசையோடு நடமாடினார்கள். ஏமாற்றப்பட வேண்டியது விதி மட்டும். மனிதர்களுக்குள் அது விளையாட்டு.

"யாருக்கு விக்கிறது?" என்றார் கணவர்.

"வெளிய என்னத்துக்கு? நான் இருக்கேன்ல."

கணவர் என்னைப் பார்த்தார். "ஒனக்கு என்ன தோணுது?"

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாததால்தான் மறுக்கத் தோன்றவில்லை. ஒரு நாடகம், அது முடிந்ததும் பிள்ளை பக்கத்து அறையில் படுக்கும், எனக்குத் தூங்கக் கிடைக்கும். "சரி" என்றேன்.

தவிடு யட்டவத்தை ஆலையிலிருந்து வந்தது. நல்ல தவிடு, உமி கலக்காதது. மதினி எதையும் மட்டமாக வாங்க மாட்டார். வெள்ளிக்கிழமை காலை, முற்றத்தில், பக்கத்து வீட்டுப் பெண்கள் முன்னால் பிள்ளையைச் சுளகில் கிடத்தினேன். சாதிக்காய் காயப் போட்டிருந்த சாக்குகளை ஓரமாக ஒதுக்கி இடம் செய்திருந்தார்கள்.

"இந்தப் புள்ளைய விக்கிறியா?" என்று மதினி முறைப்படி கேட்டார்.

"விக்கிறேன்."

"என்னத்துக்கு?"

"தவிட்டுக்கு."

தவிட்டை என் மடியில் கொட்டினார். பிள்ளையைத் தூக்கினார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை என்பதை நான் பார்த்தேன். பார்த்தது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்; மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து பிள்ளை மதினியின் அறையில். பால் கொடுக்க நான் போக வேண்டும். விற்றவள் தாய் என்று சொல்லக் கூடாதாம்; விதி ஒட்டுக் கேட்கும். ஆகவே எனக்கு வேறு பெயர்.

"பால்காரியக் கூப்பிடுங்க, புள்ளைக்கு நேரமாச்சு."

வேலைக்கு வந்தவளும் அப்படியே கூப்பிட்டாள். கணவர் கூப்பிடவில்லை, ஆனால் கேட்டுச் சிரித்தார்.

பிள்ளை தூங்கத் தொடங்கியது. முதலில் காலையில் கொஞ்சம். பிறகு பகல் முழுவதும். அழுகை குறைந்து, சிணுங்கலாகி, அதுவும் நின்றது. வீட்டில் ஒரு வெற்றி விழா. வந்தவர்களையெல்லாம் மதினி தன் அறை வாசலுக்குக் கூட்டிப் போய்த் திரையை விலக்கிக் காட்டினார், கோயிலில் அலங்காரம் காட்டுவதுபோல.

"பாத்தீங்களா? எங்கிட்ட வந்து ஒரு வாட்டி கத்துனது கெடையாது. புள்ளைக்குத் தெரியுமுல்ல யாரு கை நல்ல கைன்னு."

அந்த நேரத்தில்தான் டொக்டர் என் மாத்திரையை நிறுத்தினார். சாக்கு முகத்தை விட்டு விலகியது. இப்போது பிள்ளை தூங்கியது; நான் விழித்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் வருமா என்று கேட்டுக்கொண்டே மிளகு புடைத்தேன். நான் வெறுத்த அந்த அலறல் வராதது நெஞ்சுக்குள் ஒரு காலியிடம்போல் இருந்தது. அதைப் பாசம் என்று சொல்ல மாட்டேன். அச்சுக்குப் போகும் பக்கத்தில் ஒரு பத்தி விழுந்துபோயிருந்தால் வரும் உணர்ச்சி அது.

பிள்ளையை வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"ஆடி வருது. ஆடியில வாங்கல் விக்கல் கூடாது."

ஆடி போனது. மீண்டும் கேட்டேன்.

"இப்பத்தான் புள்ள தேறுது. தைக்குப் பாப்போம்."

"தைக்கு இன்னும் எவ்வளவோ கெடக்குது, மதினி."

"ஒனக்கென்ன அவசரம்? நீதானே யாருக்கு வேணுமோ எடுத்துக்கிட்டுப் போங்கன்ன? ஊரே கேட்டுச்சே."

முடிச்சு முழுதாக அவிழ்ந்தது அப்போதுதான். அதற்கடுத்த வாரம் கணவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார், தண்ணீர்ச் சத்தத்தில் பாதி மறையும்படி.

"நீ கொஞ்ச நாளைக்கு ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாயேன். கொழும்புல பெரிய டொக்டர்மாரு இருக்காங்க. ஒன் பிரஷரையும் காட்டலாம்."

"பிள்ளை?"

"அக்கா பாத்துக்கும். தூங்குற புள்ளைய எதுக்கு அலைக்கழிக்கணும்?"

"பாலு?"

"மாவு இருக்குல்ல, டின்னு."

எல்லாம் முடிவாகியிருந்தது. நான் போனால் பிள்ளை மதினியுடையது. திரும்பி வந்தால் பால்காரியாகக்கூட வர வேண்டியதில்லை. காரணமும் கையில் இருந்தது: பிரஷர்காரி, பிள்ளையை வேண்டாம் என்றவள், அவளிடம் தூங்காத பிள்ளை இவரிடம் தூங்குகிறது. ஊர் முன்னால் வைத்தால் எந்தப் பெரிய மனிதரும் மதினி பக்கம்தான் தீர்ப்புச் சொல்வார். நானே நீதிபதியாக இருந்திருந்தாலும் சாட்சியத்தைப் பார்த்து அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆகவே சாட்சியத்தில் பிழை தேடினேன்.

முதல் பிழை, பிள்ளை பால் குடித்த விதம். வாயில் வைத்தால் இரண்டு இழுப்பு. பிறகு தாடை நின்றுவிடும். கன்னத்தைத் தட்டினால் இன்னும் ஒன்று. உள்ளங்காலைச் சுண்டினால் சாதாரணமாக எந்தப் பிள்ளையும் காலை இழுக்கும். அவள் இழுப்பதற்கு யோசித்தாள்.

கிராமம் கிராமமாகப் போகும் அரசாங்க மருத்துவச்சி, எல்லோரும் மிட்வைப் நோனா என்று கூப்பிடும் சிங்களப் பெண்மணி, குடையோடு வந்தார். துணித் தொட்டியில் பிள்ளையைத் தூக்கித் தராசில் மாட்டினார். அவ்வளவு ஆட்டத்திலும் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை.

"ஷோக் பபா!" என்று சிங்களத்தில் பிள்ளையைப் பாராட்டினார். "அழுறதே இல்ல. ஒங்களுக்கு அதிஷ்டம், நோனா." சொன்னது மதினியைப் பார்த்து.

"முள்ளு போன தடவைய விடக் கீழே நிக்குதே," என்றேன் நான்.

"தராசு பழசு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அம்மாக்கு ஏன் மூஞ்சி இப்பிடி? சந்தோசமா இருக்கணும். அப்பத்தான் பிரஷர் வராது."

மதினி அவருக்கு ஒரு பை கராம்பு கட்டிக் கொடுத்தார்.

இரண்டாவது பிழை என் கைக்குள்ளேயே இருந்தது. தினமும் காலையில் மதினி ஒரு பாலாடைக் கிண்ணத்தை என்னிடம் நீட்டுவார். "மருந்து ஒரசணும், கொஞ்சம் பீச்சிக் குடு." உரைமருந்து எல்லா வீட்டிலும் உண்டு. வசம்பு, சுக்கு, மாசிக்காய், கடுக்காய், சாதிக்காய் எல்லாவற்றையும் சந்தனக் கல்லில் தாய்ப்பால் விட்டு ஒவ்வொன்றையும் ஒரு சுற்று உரைத்து நாக்கில் தடவுவார்கள். ஆனால் அது தலைக்கு ஊற்றுகிற நாளில். தலைக்கு ஊற்றாத நாளிலும் பாலாடை நீண்டதை நான் கவனிக்காமல் இருந்தேன். மாத்திரைக் காலத்தில் தொடங்கிய பழக்கம் அது.

ஒரு காலை, மதினி கடையில் சரக்கு நிறுக்கப் போயிருந்தபோது, சமையலறை மாடத்திலிருந்து கல்லையும் மருந்துச் சாமான்களையும் எடுத்துப் பார்த்தேன். வசம்பு முழுசாக இருந்தது. மாசிக்காயில் நகக்கண் அளவு தேய்வு. சுக்கும் அப்படியே. இந்தச் சாமான்கள் ஒரு பிள்ளைக்கு உரைத்து முடிந்து, அடுத்த பிள்ளைக்கும் கிடக்கும்; அவ்வளவு மெதுவாகத்தான் தேயும். சாதிக்காய் மட்டும் பாதி இல்லை. தட்டையாக, உள்ளே இருந்த பழுப்புக் கோடுகள் தெரிய, அறுத்த பலகைபோல் இருந்தது. அதற்குப் பின்னால் மாடத்தில் இன்னொன்று, முழுதாகத் தேய்ந்து முனை மட்டும் மிஞ்சியது.

மதினியின் அறைக்குப் போய்ப் பிள்ளையின் வாயை முகர்ந்தேன். கடையின் மணம். அந்த வீட்டில் எல்லாமே அந்த மணத்தில்தான் இருந்தது. பாயில், தலையணையில், சோற்றில். ஆகவே ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

மதினி திரும்பி வந்தார். கல்லும் பாதிச் சாதிக்காயும் என் கையில் இருந்தன.

"இது என்ன மதினி?"

"தெரியலியா? சாதிக்கா. கொழும்புல கண்டதில்லியோ?"

"தெனமும் எத்தன சுத்து ஒரசுறீங்க?"

"எண்ணிக்கிட்டா ஒரசுவாங்க? தூங்குற மட்டும் ஒரசுறது. நம்ம தோட்டத்துக் காய். கலப்படமா, விஷமா? வெள்ளக்காரன் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயி கேக்குல போட்டுத் திங்கிறான்."

"வெள்ளக்காரன் கைப்புள்ளைக்கு ஊட்டல."

"இந்தாம்மா, புள்ள தூங்குனா ஒனக்கு வயிறெரியுது. ஒங்கிட்ட தூங்கலியேன்னு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு, பிரஷர் ஏறிறப் போவுது."

அவர் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே எழுத வேண்டும். தன் தோட்டத்தில் காய்த்தது எதுவும் தன் பிள்ளைக்குக் கெடுதி செய்யாது என்று அவர் முழு மனதோடு நம்பினார். அதற்காக என் கணக்கில் அவர் குற்றம் எதுவும் குறையவில்லை. நம்பிக்கையோடு செய்கிறவர்களை நிறுத்துவதுதான் கடினம்.

பிள்ளையைப் பாயிலிருந்து எடுத்தேன். தலை பின்னால் தொங்கியது. மதினி வாசலை மறித்தார். அவர் கையில் சாவிக்கொத்து இருந்தது. என் கையில் கல் இருந்தது. நான் கல்லைக் கீழே போடவில்லை. அவர் விலகினார்.

கடை வழியாகத்தான் வெளியே போக முடியும். கணவர் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க போற?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஒனக்கு முடியலியா?"

அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

டொக்டர் பிள்ளையின் இமையைத் தூக்கி டோர்ச் அடித்தார். நெஞ்சில் குழாயை வைத்தார். காலைச் சுண்டினார். நான் கல்லை மேசையில் வைத்துச் சாதிக்காயையும் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்ததும் என்னிடம் குரலை உயர்த்தினார்.

"படிச்ச பொம்பளதானே நீங்க? பால்ல கலக்கிக் குடுக்குறதுக்கு வெக்கமா இல்ல?"

என் பால்தான் என்பதால் நான் மறுக்கவில்லை. திட்டுவது யாரை என்பது அப்போது முக்கியமில்லை; அனுமதிச் சீட்டு எழுதுகிறாரா என்பதுதான் முக்கியம். எழுதினார். நர்ஸ் நோனாவிடம், பிள்ளையின் வாயில் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் போகக் கூடாது, யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புங்கள் என்றார்.

முதல் நாள் வாட்டிலும் பிள்ளை வீட்டில் கிடந்ததுபோலவே கிடந்தது. பாலைப் பீச்சிக் கரண்டியால் விட்டேன். மறுநாள் தாடை நாலைந்து இழுப்பு இழுத்தது. அதற்கடுத்த நாள் காலை, நர்ஸ் போர்வை மாற்றும்போது, கண்ணைத் திறந்தாள். திறந்து, என்னைப் பார்த்து, பழைய சுருதியில் அலறினாள். வாட்டிலிருந்த தாய்மார் எல்லோரும் திரும்பினார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தாடை பழையபடி இறுகியது.

அன்று முழுவதும் ஓயவில்லை. பார்வையாளர் நேரத்தில் மதினி வந்தார், பட்டுப்புடவையில், பின்னால் தேர்மஸ் போத்தலோடு என் கணவர். கட்டிலுக்கு வரும் முன்பே மதினியின் குரல் வந்தது.

"எம் புள்ளையக் கொன்னுட்டாளா? குடு இங்க. தவிடு குடுத்து வாங்குனவ நான். ஊரறிய வாங்குனேன்."

பக்கத்துக் கட்டிலில் இரத்தோட்டைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வயிற்றோட்டக்காரப் பையனோடு படுத்திருந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். "ஓ, ரெண்டு அம்மாவா? அதான் புள்ள ரெட்டைச் சத்தமா கத்துது."

கொடுக்க மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது ஒன்று புரிந்தது. மதினி பிள்ளையை வாங்கிக்கொண்ட நாளிலிருந்து அவளுக்குச் சாதிக்காய்தான். விழித்திருக்கும் பிள்ளையை இவர் ஒரு முழு நாழிகை தூக்கி வைத்திருந்ததே இல்லை.

"இந்தாங்க," என்றேன். கொடுத்தேன்.

மதினி எதிர்பார்க்கவில்லை. வாங்கி மார்போடு அணைத்தார். பிள்ளை முதுகை வில்லாக வளைத்துக் கத்தியது. தட்டினார். ஆட்டினார். ச்சோ ச்சோ என்றார். தோளில் போட்டார், தோள் வேண்டாம் என்று கத்தியது. மடியில் போட்டார், மடி வேண்டாம் என்று கத்தியது. பட்டுப்புடவையில் பால் கக்கியது. கட்டில்களுக்கிடையில் ஒரு நடை போனார், திரும்பினார், மறுபடி போனார். ஏதோ பாட்டு எடுத்தார். பாட்டு பாதியில் மூச்சு வாங்கியது.

"ஏக்கா," என்றாள் தோட்டத்துப் பெண், "வாங்குன எடத்துல சத்தம் எவ்வளவுன்னு கேக்கலியா?"

எதிர்க்கட்டிலில் இருந்த முஸ்லிம் தாய் முக்காட்டுக்குள் சிரித்தார். சிங்களத் தாய் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். மதினியின் முகம் சிவந்து வேர்த்தது. மடியிலிருந்து எதையோ எடுக்கப் போனார், நர்ஸ் நோனா தூரத்திலிருந்தே, "வாய்ல ஒண்ணும் வைக்கக் கூடாது!" என்றார். கை நின்றது.

"தம்பி, நீயாச்சும் புடி."

கணவர் தேர்மஸ் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மதினி இன்னும் ஒரு நடை நடந்தார். பிறகு என் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார். பிள்ளையைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்திருந்தார், கொதிக்கும் பானையைப் பிடிப்பதுபோல.

"இந்தா, ஒம் புள்ளையப் புடி. எனக்கு நெஞ்சடைக்குது. ஒன்ன மாதிரியே பொறந்திருக்கு."

நான் உடனே கை நீட்டவில்லை. வாட்டைச் சுற்றிப் பார்த்தேன்.

"யாரோட புள்ளைன்னு சொன்னாங்க? எல்லாரும் கேட்டீங்களா?"

"கேட்டோம், கேட்டோம்," என்றாள் தோட்டத்துப் பெண். "காது மிச்சமிருக்கிறவங்க எல்லாரும் கேட்டோம். வாங்கும்மா மொதல்ல, அந்தம்மா போட்டுறப் போறாங்க."

வாங்கினேன். மதினி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கணவர் தேர்மஸ் போத்தலை என் கட்டிலடியில் வைத்துவிட்டு அவர் பின்னால் போனார். 

பிள்ளை என் கையிலும் ஓயவில்லை. தாயின் கை பட்டதும் அடங்கியது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அடங்கவில்லை. நர்ஸ் நோனா வந்து, மற்றப் பிள்ளைகள் எழும்புகிறார்கள், விறாந்தைக்குக் கொண்டு போ என்று கையைக் காட்டினார். போனேன். மாலை வெயிலில் நின்றேன். என் காதுக்குள் அவள் அலறினாள். தலைக்குள் இரத்தம் தட்டிக்கொண்டிருந்தது. பாதரசம் எங்கே நிற்கும் என்று யோசித்தேன். இந்தப் பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அவளுக்காக யாராவது கை நீட்டியிருந்தால் கடித்திருப்பேன்.